விழிதியூரில் சொல்ல வேண்டியிருந்த பதில்

ஜூலி தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு காரியம்தான். "புள்ளைய நீங்கதான் கையில ஏந்தணும்க்கா. வேற யாரையும் நான் நெனச்சுக்கூடப் பாக்கல."

அவள் என் சித்தியின் மகள். காரைக்கால் பக்கம் விழிதியூரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி நெடுங்காலம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அதன் ஞானஸ்நானத்துக்கு நான் ஞானத்தாயாக வர வேண்டும் என்கிறாள். நான் இருப்பது மலேசியாவில், கிள்ளான் நகரில். விடுப்பு கிடைக்கிறதா பார்க்கிறேன் என்றேன். கேட்ட அன்றே கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருக்கலாமே என்று நான் நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை.

காரணம் இதுதான். ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் சில கேள்விகள் கேட்பார். கடவுளை விசுவசிக்கிறீர்களா, அவருடைய மகனை விசுவசிக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பெற்றோரும் ஞானப்பெற்றோரும் "விசுவசிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை நான் ஓராண்டுக்கு மேலாகச் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறேன். எல்லோரும் எழும்போது எழுகிறேன், மண்டியிடும்போது மண்டியிடுகிறேன். "விசுவசிக்கிறேன்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம் வரும்போது மட்டும் உதட்டை மூடிக்கொள்கிறேன்.

பெருந்தொற்று நாட்களில் பூசையைக் கைப்பேசியில் பார்த்தோம். பிறகு கோவில் திறந்தது, எல்லோரும் திரும்பி வந்தார்கள், எனக்கு மட்டும் பீடம் கைப்பேசிக் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருந்தது. கடவுளோடு எனக்குச் சண்டையில்லை. பெரிய துக்கம் எதுவும் நேர்ந்துவிடவில்லை. கூப்பிடுகிறேன், மறுமுனையில் எடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். நான் ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் சரக்குப் பொறுப்பில் இருப்பவள். திறந்து பார்க்காத பெட்டிக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. கோவிலில் மட்டும் எப்படிப் போடுவது?

வெள்ளிக்கிழமை காலை, விமானத்தில் வந்து இறங்கி நான் ஏறியிருந்த பேருந்து பூவத்தில் நின்றுவிட்டது. காரைக்கால் எல்லைக்குள் நுழைந்த சிறிது நேரத்தில், எஞ்சினில் ஏதோ அறுந்த சத்தம். ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். நடத்துநர்தான் சமாதானம் சொன்னார். "பெல்ட்டு போச்சுங்க. பின்னாடி வர்ற வண்டியில ஏத்திவிடுறேன். கோவப்படாதீங்க, வேளாங்கண்ணி சீசன், எல்லாம் அப்பிடித்தான்." பின்னால் வந்த வண்டிகளில் படிக்கட்டிலும் இடமில்லை.

எல்லையைத் தாண்டியதும் வரிசையாக மதுக்கடைகள். தமிழ்நாட்டை விட விலை குறைவு என்பதால் அந்த நேரத்திலேயே கூட்டம். அவற்றை ஒட்டி, சாலை நெடுகக் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பக்தர்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. நடுவில் சிவப்புத் தொப்பி வைத்த புதுச்சேரிக் காவலர் ஒருவர் இரண்டுக்கும் பொதுவாகக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

நான் பெட்டியை உருட்டியபடி ஆட்டோ தேடினேன். சாலையோர மணலில் சக்கரம் உருளவில்லை. அப்போது மாதா சுரூபம் வைத்த ஒரு கைவண்டியை இழுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்த பருத்த அம்மாள் என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னாம்மா, பொட்டியோட மல்லுக்கு நிக்கிற? தூக்கி வண்டில வையி. மாதா பாத்துக்கும்."

பெயர் கன்னியம்மா. சென்னைக் கடற்கரையில் மீன் விற்கிறவர். கிறிஸ்தவர் இல்லை. "எங்களுக்கு அம்மன்தான். ஆனா வருசா வருசம் இந்தம்மாவையும் வந்து பாத்துட்டுப் போயிடுவேன். ரெண்டு பேருக்கும் தெரியும், சண்டை போட்டுக்க மாட்டாங்கோ" என்றார். அவருடைய வலது பாதம் கொப்புளமாகி, துணி சுற்றியிருந்தது. என் பெட்டி மாதாவின் காலடியில் சாமந்தி மாலைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டது.

ஜூலியின் கணவன் அந்தோணிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டு அவர்களோடு நடந்தேன். அவர்கள் ஜெபமாலை சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வெயிலில் வாய் உலர்ந்திருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். கன்னியம்மா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அந்தோணி மோட்டார் பம்பு பழுதுபார்க்கிறவர். தன் 'குட்டி யானை'யில், அதாவது சின்னச் சரக்கு வண்டியில், எதிரே வந்தார். "மன்னிச்சுக்குங்க அண்ணி, கார் எடுத்துட்டு வரலாம்னு பாத்தா சொந்தக்காரன் கொடுக்கல." ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், ஈரச் சேறு காயாத ஒரு பம்பைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு காரைக்கால் நகரைக் கடந்தேன். கிள்ளானில் என் காரில் மிதியடி விரிப்பைக்கூட வாரந்தோறும் உதறுகிறவள் நான்.

விழிதியூரில் இறங்கியதும் ஜூலி ஓடி வந்து பிள்ளையை என் கையில் போட்டாள். பின்னாலேயே அவள் மாமியார் ஆரோக்கியம் அத்தை. என்ன பேசுவதென்று தெரியாமல், எங்கள் ஊர்ப் பழக்கத்தில், "பசியாறிட்டீங்களா அத்தை?" என்றேன். மலேசியாவில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் கேட்போம்.

அத்தை ஜூலியைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டி, வந்ததும் வராததுமா இவ என்னைய விசாரிக்கிறா? என்னையப் பட்டினி போடுறதா ஏதும் சொல்லி வச்சிருக்கியா?"

மதியம் வாளை மீன் குழம்பு, நெத்திலி வறுவல். கிள்ளான் பேரங்காடியில் மீன் பனிக்கட்டிமேல் வரிசையாகப் படுத்திருக்கும். விலை எழுதிய அட்டை பக்கத்தில் நிற்கும். இங்கே வாசலுக்கே வந்து, அத்தையோடு சண்டை போட்டு, தோற்றுக் குழம்புக்குள் இறங்கியிருந்தது. நான் இரண்டு முறை சோறு வாங்கினேன்.

மாலையில் ஊர்க் கோவிலில் ஞானஸ்நான வகுப்பு. பங்குச் சாமியார் இளைஞர். திருவிழாக் காலமாதலால் நான்கைந்து ஊர்களுக்குப் பைக்கில் அலைகிறவர்; தலைக்கவசத்தை வாசிப்பு மேடைமேல் வைத்துவிட்டுப் பேசினார். "பதில் சொல்றப்ப முணுமுணுக்கக் கூடாது. போன தடவ ஒரு ஞானத்தந்தை என்ன சொன்னாருன்னு எனக்கே கேக்கல. கடவுளுக்குக் கேட்டிருக்கும், ஆனா ஊருக்கும் கேக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். ஜூலி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மற்றவர்கள் வெளியே போனதும் நான் சாமியாரிடம் சொன்னேன். "சாமி, அந்தப் பதிலை என்னால சொல்ல முடியாதுன்னு நினைக்கிறேன்."

அவர் தலைக்கவசத்தை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார். "ஏன்? விசுவாசம் இல்லையா?"

"இல்லைன்னு சொல்லத் தெரியலை. இருக்குன்னும் சொல்லத் தெரியலை. கூப்பிட்டா எதுவும் தெரியலை. தெரியாததைப் பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "பொய் சொல்ல வேணாம். ஞாயித்துக்கிழம பூசைக்கு முன்னாடி வந்து சொல்லுங்க. அப்பவும் முடியலன்னா அந்தோணியோட தங்கச்சிய நிக்கச் சொல்லலாம். ஜூலிக்கு நான் சொல்லிக்கிறேன்." பிறகு, "நாளைக்கு வேற வேலை இருக்கா? பட்டினத்துல நம்ம அன்பியம் மோர்ப் பந்தல் போடுது. ஆள் பத்தல" என்றார்.

அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை கூடி ஜெபிக்கும் சிறு குழு. வீட்டுக்குப் போகும் வழியில் ஜூலி பிள்ளையின் வெள்ளை உடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அவளுடைய நாத்தனார் அதை அணிந்த பிள்ளையை ஏந்தி நிற்பதையும், ஜூலி என்னை ஒரு பார்வை பார்ப்பதையும் நினைத்துக்கொண்டே அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

சனிக்கிழமை திருமலைராயன்பட்டினம். எல்லோரும் பட்டினம் என்றே சொல்கிறார்கள். நாகூர் போகும் பெரிய சாலையில், ஓர் இரும்புக் கடையின் முன்புறத்தைக் கடைக்காரப் பாய் பந்தலுக்கு விட்டுக் கொடுத்திருந்தார். ஐஸ் கட்டியும் அவர் உபயம். "போன வருசம் பானை பத்தலம்மா. இந்தத் தடவ இன்ஷா அல்லா பத்தும்" என்று பானைகளை அவரே இடம் மாற்றி வைத்தார்.

உப்பும் பெருங்காயமும் பானைக்குப் பானை ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று ஒரு கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டேன். குடித்த தம்ளர் ஒரு பக்கம், கழுவியது மறுபக்கம். ஆரோக்கியம் அத்தை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "மோருக்கு மருந்துக் கணக்கு போடுறா பாரு மலேசியாக்காரி. ஊத்துடி, வெயில்ல நிக்கிறாங்க."

ஆந்திராவிலிருந்து நடந்து வந்த ஒருவர் மூன்று தம்ளர் குடித்துவிட்டுத் தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னார். பாராட்டு என்று நினைத்துக் கைகூப்பினேன். அவருடன் வந்தவர் மொழிபெயர்த்தார்: உப்பு அதிகம், ஆனால் நடக்கிறவனுக்கு அதுதான் நல்லது.

பந்தலில் ஒரு வழக்கம் உண்டு. மோர் கொடுக்கிறவர், குடித்தவரிடம் ஒரு மெழுகுவர்த்தியை நீட்டி, "எங்களுக்கும் சேத்து வேண்டிக்குங்க" என்பார். நடக்க முடியாதவர்கள் நடக்கிறவர் கையில் கொடுத்தனுப்புவது. எதற்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். அத்தை தன் மூட்டு வலியை ஐந்தாறு பேரிடம் ஒப்படைத்திருந்தார். "ஒருத்தி மறந்தா இன்னொருத்தி சொல்லுவால்ல?" பாய்கூட ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொண்டு, மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முற்பகலில் கன்னியம்மாவின் கைவண்டி வந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பொட்டிக்காரம்மா! மோர்க்காரம்மா ஆயிட்டியா?" பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கி வைத்தார். துணியை அவிழ்த்துக் கழுவி, மருந்து தடவிப் புதுத் துணி கட்டினேன். மருத்துவமனையில் பார்த்துப் பழகிய வேலை அது.

எழுந்தவர் கையை நீட்டினார். "மெழுகுத்திரி எங்க? உனக்கு இன்னா வேண்டிக்கணும், சொல்லு."

"ஒண்ணும் இல்லைம்மா" என்றேன்.

"ஒண்ணும் இல்லாதவ இவ்ளோ தூரம் ஏரோப்ளேன்ல வருவாளா?"

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். என் கையில் மெழுகுவர்த்தி இளகிக்கொண்டிருந்தது. வீட்டில் கணவரிடம்கூடச் சொல்லாததை, மறுபடி பார்க்கப் போகாத அந்த அம்மாளிடம் சொன்னேன். "நாளைக்குக் கோவில்ல ஒரு பதில் சொல்லணும். அது உண்மையா இருக்கணும். எனக்கு வேண்டிக்க வரலை. நீங்க வேண்டிக்குங்க."

அவர் சிரிக்கவில்லை; அதிசயமாகப் பார்க்கவுமில்லை. மூட்டு வலி என்றால் எப்படிக் கேட்டுக்கொள்வாரோ அதே முகத்தோடு கேட்டுக்கொண்டார். "சரி. சொல்லிடறேன்" என்று மெழுகுவர்த்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

திரும்பும்போது அந்தோணி வாடா வாங்கித் தந்தார். வடை போன்ற பெரிய உருண்டை, மேலே முழு இறால் ஒன்று பதித்திருக்கும். பரோட்டா போன்ற எங்கள் ஊர் ரொட்டி சானாயை விட்டால் உலகத்தில் வேறு தெருத்தீனி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள், வண்டி விழிதியூர் போய்ச் சேருவதற்குள் கட்சி மாறிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அன்பிய ஜெபம் ஜூலி வீட்டில். மறுநாள் விசேஷம் என்பதால் கூடத்தில் இடம் போதாமல் வாசல்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமாலையை எல்லா ஊரிலும் இரண்டு பாதியாகத்தான் சொல்கிறோம். முதல் பாதியை ஒருவர் தொடங்குவார். மறுபாதியை மற்றவர்கள் சேர்ந்து முடிப்பார்கள். எங்கள் கிள்ளான் கோவிலில் மாலையின் மணிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, யார் எந்தப் பத்தைச் சொல்வது என்று முன்கூட்டியே அட்டவணை போடுவோம். அட்டவணை போடுகிறவள் நான்தான். சொல்கிறவர் தடுமாறினால் எல்லோரும் மரியாதையாகக் காத்திருப்போம்.

விழிதியூரில் யாரும் காத்திருக்கவில்லை. முதல் பத்தைச் சொல்லிக்கொண்டிருந்த பெண், அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் பாதி வாக்கியத்தில் எழுந்து போனாள். பக்கத்திலிருந்தவள் அதே சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டாள். சுவரோரம் ஒருவர் நன்றாகத் தூங்கினார். விழித்ததும், எங்கே என்று கேட்காமல், சரியான இடத்தில் சேர்ந்துகொண்டார். ஜெபம் நிற்கவேயில்லை. எழுந்து போனவர்களும் வந்தவர்களும் தங்கள் பங்குக்கு அதில் ஏறினார்கள், இறங்கினார்கள்.

மூன்றாவது பத்துக்கு ஜூலி என்னைக் காட்டினாள். "அக்கா சொல்லட்டும்."

மறுக்க முடியவில்லை. தொடங்கினேன். கிள்ளானில் செய்வது போலவே ஒவ்வொரு சொல்லையும் கவனித்துக்கொண்டு சொன்னேன்: இதைச் சொல்கிறேனே, இதை நினைத்துத்தான் சொல்கிறேனா? இதையாவது? நான்காவது மணியில் குரல் நின்றுவிட்டது. அழுகை வரவில்லை. சொல்ல எனக்குள் ஒன்றும் மீதியில்லை, அவ்வளவுதான். மணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னைப் பார்க்கப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

யாரும் பார்க்கவில்லை. ஆரோக்கியம் அத்தை, பிள்ளையின் கன்னத்தில் உட்கார்ந்த கொசுவை விரட்டிக்கொண்டே, நான் விட்ட சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டார். கூடம் மறுபாதியைச் சொன்னது. அத்தை அடுத்ததைத் தொடங்கினார். கூடம் முடித்தது. எனக்காக எதுவும் நிற்கவில்லை. என்னை விட்டுவிட்டும் போகவில்லை. அந்தக் குரல்கள் என் இரண்டு பக்கமும், முதுகுக்குப் பின்னாலும் இருந்தன. நான் சும்மா உட்கார்ந்து கேட்டேன். எதையும் சரிபார்க்காமல் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

எந்த மணியில் மறுபடி சேர்ந்துகொண்டேன் என்று எனக்குத் தெரியாது. இப்படித் தெரியாமல் போவது என் சுபாவம் இல்லை. என் குரல் மற்றவர்களின் குரலுக்குள் போய்க்கொண்டிருப்பதைக் கேட்டுத்தான் நானே கண்டுகொண்டேன். அப்போது இன்னொன்றும் தெரிந்தது. நான் சொல்வதை நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த யாரோ அங்கே இருந்தார். ஒளியோ சிலிர்ப்போ ஒன்றுமில்லை. கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, அடுக்களையில் இருப்பவருக்கும் கேட்கிறது என்று தெரியுமே, அப்படித் தெரிந்தது.

கடைசியில் எல்லோரும் எழுந்து மாதா பாட்டுப் பாடினார்கள். நானும் பாடினேன். ஆளாளுக்கு ஒரு சுருதி. தோள்கள் இறங்கியிருந்தன, அதுவரை அவற்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கொண்டைக்கடலைச் சுண்டலும் டீயும் கொடுத்தார்கள். சுண்டலைத் தின்றுகொண்டே உள்ளுக்குள் ஒருமுறை மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன், போய்விட்டாரா என்று. போகவில்லை.

ஞாயிறு காலை, பூசைக்கு முன் சாமியார் உடுப்பு மாற்றும் அறை வாசலில் நின்றேன். அவர் முந்திக்கொண்டார். "என்னம்மா? அந்தோணி தங்கச்சிய வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சாமி. நானே சொல்றேன்."

"நெசமாவா?"

"நிஜமா."

அவர் என்னை ஒரு முறை உற்றுப் பார்த்தார். "சரி. மைக்குப் பக்கத்துல நில்லுங்க."

பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் போனார்கள். பெஞ்சிலேயே இருந்து மற்றவர்களுக்கு வழிவிட்டே பழகியிருந்தவள், அன்று எழுந்து போய் வாங்கினேன். பிறகு ஞானஸ்நானம். பிள்ளை வெள்ளை உடுப்பில் என் கையில் கனத்தது. அந்த உடுப்பு அதற்குப் பிடிக்கவில்லை. காலை உதைத்து ஒரு காலுறையைக் கழற்றியிருந்தது. ஜூலி எனக்கு இடப்பக்கம், புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கேள்வி வந்தது. வானத்தையும் பூமியையும் படைத்த தந்தையை விசுவசிக்கிறீர்களா?

"விசுவசிக்கிறேன்."

என் குரல் எனக்கு முன்னால் போய்விட்டது. அந்தோணியும் ஜூலியும் பிறகுதான் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது கேள்வி. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். பிள்ளை உதைப்பதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தது. தண்ணீர் ஊற்றியபோது வீறிட்டு அழுதது. தலையிலிருந்து வழிந்த தண்ணீர் என் முழங்கைவரை ஓடிப் புடவையை நனைத்தது. துடைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

வெளியே வந்ததும் ஜூலி என் தோளில் இடித்தாள். "ஏன்க்கா, அவ்வளவு சத்தமாவா சொல்லுவீங்க? வெளியில குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க, தெரியுமா? ரோட்டு டீக்கடை வரைக்கும் கேட்டுச்சாம். டீக்கடைக்காரரு, யாருப்பா அந்த அம்மா, நமக்கும் சேத்துச் சொல்லுதான்னு கேட்டாராம்."

"கேட்கட்டும்" என்றேன்.